பாத்திரம் அறிந்துதான் இட வேண்டுமா?

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் 2025 ஜனவரி 1 முதல் பிச்சை எடுப்பவர் மீது மட்டுமல்ல, பிச்சை போடுபவர் மீதும் வழக்குப் பாயும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அந்த மாதமே, கோயில் வாசலில் பிச்சை போட்ட ஒருவர் மீது வழக்கும் பதிவானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2018 ஆகஸ்டில், தில்லி உயர் நீதிமன்றம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிருந்தது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தில் பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியில் செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. வேறு வழியில்லாமல் கையேந்துபவரைத் தண்டிப்பது நியாயமல்ல என்பது அதன் சாரம்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. கை நீட்டுபவரை விசாரித்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா, விசாரிக்காமலே கொடுக்க வேண்டுமா?

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது தமிழில் பழகிய பழமொழி. பாத்திரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: ஏந்துகிற கலம் ஒன்று, ஏற்கத் தகுந்த ஆள் மற்றொன்று. பழமொழி சொல்வது ஆளை. ஆனால் தமிழர் நினைவில் முதலில் வரும் பாத்திரம் மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி. அது வெறும் கலம், எதிரில் நிற்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. ஈராயிரம் ஆண்டுகளாக நடக்கும் இந்த விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டு பொருளுக்கும் இடையில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

புறநானூற்றில் மூன்று குரல்கள்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைகள். முல்லையும் கேட்கவில்லை, மயிலும் கேட்கவில்லை. அவற்றுக்குத் தேரும் போர்வையும் தேவைதானா என்று கொடுத்தவர்களும் பார்க்கவில்லை. விசாரணையே இல்லாத கொடையின் உச்சம் இது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது இதற்கு ஒரு கொள்கையே வகுக்கிறார். இப்பிறவியில் செய்தது மறுபிறவியில் வரவாகும் என்று கணக்குப் பார்த்து அறத்தை வாங்கி விற்கிற வணிகன் அல்லன் ஆய். சான்றோர் சென்ற வழி என்பதற்காகவே கொடுத்தான் என்பது அவர் பாடலின் கருத்து.

இரண்டாவது குரல் கபிலருடையது. மலையமான் திருமுடிக்காரியிடம் அவர் வைக்கும் வேண்டுகோள் வியப்பளிக்கக் கூடியது. கொடுப்பது எளிது, வந்தவர் ஒவ்வொருவரின் வரிசையை அறிவதுதான் அரிது. ஆகவே புலவர் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். பாத்திரம் அறியச் சொல்லும் மிகப் பழைய தமிழ்க் குரல்களில் இது ஒன்று. ஆனால் கபிலர் அறியச் சொன்னது வறுமையின் அளவை அல்ல, புலமையின் அளவை. பிற்காலத்தில் இந்த இரண்டு அளவைகளும் ஒன்றோடொன்று குழம்பிப் போயின. தகுதி என்று பேசும்போது சிலர் தேவையைக் குறித்தார்கள், சிலர் சிறப்பைக் குறித்தார்கள், இன்னும் சிலர் நன்னடத்தையைக் குறித்தார்கள்.

மூன்றாவது குரல் பெருஞ்சித்திரனாருடையது. குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பியவர், உன்னை விரும்புபவர், நீ விரும்புபவர், முன்பு கடன் தந்தவர் என்று யாரையும் விடாமல், தன்னையும் கேட்டுக்கொண்டிராமல், எல்லாருக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்கிறார். இதே புலவர் இன்னொரு சமயம் பரிசிலை மறுத்தவரும்கூட. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்ப, காணாமல் தந்ததை வாங்கிப் போக நான் வணிகனா என்று திருப்பிவிட்டார். கொடுப்பவர் விசாரிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவரின் முகத்தைப் பார்க்கவும் வேண்டும் என்ற உரிமைக் குரல் அது. தகுதி பற்றிய பிற்கால விவாதங்களில் பலவற்றில் இந்தக் குரலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பாடல்களைச் சான்றாக எடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவற்றைப் பாடியவர்கள் வாங்கியவர்கள். கொடையைப் புகழ்வதில் அவர்களுக்கு ஒரு பங்கு இருந்தது.

கொடையோடு ஒட்டிவரும் சுமை

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கொடையை மூன்று தரமாகப் பிரிக்கிறது. தக்க இடத்தில், தக்க காலத்தில், கைம்மாறு கருதாமல், தக்கவருக்குத் தருவது முதல் தரம். பலன் கருதி மனமில்லாமல் தருவது இரண்டாம் தரம். தகாதவருக்கு இகழ்ச்சியோடு தருவது கடைத்தரம். தர்மசாத்திர மரபு அந்தத் 'தக்கவரை' பெரும்பாலும் வேதம் கற்ற அந்தணர் என்றே வரையறுத்தது. நிலக்கொடைச் செப்பேடுகள் பலவும் இந்தக் கருத்தின் மேல் எழுந்தவை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படையானது. தகுதி பிறப்போடு கட்டப்பட்டால், பசித்தவன் தகுதியில்லாதவன் ஆகிவிடுகிறான். ஆனால் இதற்குள் நுட்பமான ஒரு கருத்தும் இருந்தது. மானிடவியலாளர் ஜோனதன் பாரி காசியில் செய்த ஆய்வின் அடிப்படையில் 1986இல் எழுதிய கட்டுரை அதை எடுத்துக்காட்டியது. தானத்தோடு கொடுப்பவரின் பாவமும் கைமாறுகிறது என்று அங்குள்ள புரோகிதர்கள் நம்பினார்கள். வாங்குவது அவர்களுக்கு ஒரு சுமையாகவே இருந்தது. வட இந்தியக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த குளோரியா ரகேஜா 1988இல் வெளியிட்ட நூலில், கொடைக்குள் இருக்கும் 'நஞ்சு' என்றே இதைக் குறிப்பிட்டார். கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்கு உதவி என்று இரு பக்கமும் லாபமாகவே பேசிப் பழகியவர்களுக்கு இது நல்ல திருத்தம்.

திருக்குறள் இந்த மரபிலிருந்து விலகி நிற்கிறது. ஈகை அதிகாரத்தின் முதற்குறளே வறியவர்க்குத் தருவதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வருமென எதிர்பார்த்துத் தருவது என்று பிரித்துவிடுகிறது. பிறப்பு இல்லை, கல்வி இல்லை. இல்லாமை ஒன்றுதான் அளவுகோல். ஈகைக்கு முன்னால் ஒப்புரவு தனி அதிகாரமாக நிற்கிறது. ஒப்புரவு இம்மை நோக்கியது, ஈகை மறுமை நோக்கியது என்று பரிமேலழகர் வேறுபடுத்தினார். அந்த விளக்கம் குறளுக்குள்ளிருந்து வருகிறதா, உரைகாரரின் காலத்திலிருந்து வருகிறதா என்பதில் கருத்து வேறுபட இடமுண்டு. இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சீறுகிற குறளும் அதே நூலில் இருக்கிறது. கொடையைப் போற்றுவதும் கொடை தேவைப்படும் நிலையைச் சபிப்பதும் வள்ளுவருக்கு முரணாகப் படவில்லை.

கேள்வி கேட்காத கலம்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை தகுதிக் கேள்வியைத் தலைகீழாக்குகிறது. திருப்பித் தர வல்லவருக்குக் கொடுப்பவர் அறத்தை விலைக்கு விற்பவர். வேறு வழியற்றவரின் பசியைத் தீர்ப்பவரே உயிர் கொடுப்பவர் என்பது காப்பியத்தின் நிலை. அமுதசுரபியில் முதல் பிச்சை இடுபவள் ஆதிரை. பிறகு அந்தக் கலம் ஊர்ப்பொது அம்பலத்தில் பசித்தவர்க்கெல்லாம் சோறிடுகிறது. அடுத்து நடப்பதுதான் காப்பியத்தின் துணிச்சல்: சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. குற்றம் செய்தவருக்கும் பசி பசிதான்.

1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை இந்த வழியின் கண்கண்ட வாரிசு. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் அது எழுந்தது. சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் பார்க்காமல் பசித்தவருக்குச் சோறு என்பதே விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சீக்கியக் குருத்துவாராக்களின் லங்கர் வேறொரு மண்ணிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கு எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் அமர்வது சோற்றைப் போலவே முக்கியமானது.

விசாரிக்காத கொடை என்று பெயர் பெற்ற எல்லா இடத்திலும் அந்த ஒரே வரிசை இருந்ததில்லை. தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள் வழிப்போக்கர் எல்லாருக்கும் உணவளித்தன என்பதில் நியாயமான பெருமை உண்டு. ஆனால் சத்திரம் என்ற அமைப்பில் பந்தி பிரிந்தே இருந்த இடங்கள் பல. 1920களில் பொதுமக்கள் நன்கொடையும் காங்கிரஸ் நிதியும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது தமிழக அரசியலையே குலுக்கியது. வாசலில் யாரும் கேள்வி கேட்கவில்லை. இலை போடும்போது கேட்டார்கள்.

சோற்றுக்கு ஒரு விதி, துணிக்கு ஒரு விதி

இந்தக் கேள்வியை மிக நடைமுறையாகக் கையாண்டவர்கள் யூத அறிஞர்கள் எனலாம். தால்முதில் இதற்கென்றே ஒரு விவாதம் இருக்கிறது. ஒருவர் உணவு கேட்கிறார், இன்னொருவர் உடை கேட்கிறார், யாரை விசாரிக்கலாம்? உணவு கேட்பவரை விசாரிக்கலாம், உடையில்லாதவர் அவமானத்தில் நிற்கிறார், அவரை விசாரிக்கக் கூடாது என்கிறார் ராவ் ஹூனா. ராவ் யெகூதா இதை மறுக்கிறார்: பசி வருத்துகிறது, அது காத்திருக்காது, ஆகவே உணவுக்கு விசாரணை கூடாது, உடைக்கு விசாரிக்கலாம். பின்வந்த மரபு யெகூதாவின் பக்கம் நின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக அடுக்கியபோது, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடையை மிக உயரத்தில் வைத்தார். அதற்கும் மேலே அவர் வைத்தது ஒன்றே ஒன்று: கடனாகவோ கூட்டுத் தொழிலாகவோ வேலையாகவோ கொடுத்து, இனி அந்த ஆள் கேட்கவே வேண்டாத நிலைக்குக் கொண்டு வருவது.

கிறித்தவத்துக்குள் நான்காம் நூற்றாண்டிலேயே இரு குரலும் எழுந்தன. அந்தியோக்கியாவில் ஜான் கிறிசோஸ்தம், ஏழையின் நடத்தையைத் துருவாதே, வறுமை ஒன்றே அவனுக்குத் தகுதி என்று பிரசங்கித்தார். மிலான் ஆயர் அம்புரோஸ், பொய்க் காரணங்களோடு வருபவர்களும் உண்டு, அவர்களுக்கே எல்லாம் போனால் உண்மையான ஏழைக்கு மிஞ்சாது, அளவறிந்து கொடு என்று எழுதினார்.

இஸ்லாம் சக்காத்தைக் கடமையாக்கியபோது அது யார் யாருக்கு என்பதை எட்டு வகையாகக் குர்ஆனிலேயே வரையறுத்தது. ஏழை, எளியவர், கடன்பட்டவர், வழிப்போக்கர் ஆகியோர் அதில் அடக்கம். தானாக விரும்பிக் கொடுக்கும் சதக்காவுக்கு அந்த வரம்பு இல்லை. அதே வேதத்தில், மானம் கருதிக் கேட்காமல் இருப்பவரை விவரம் தெரியாதவர் வசதி படைத்தவர் என்று எண்ணிவிடுவார் என்ற கருத்தும் வருகிறது. இது விசாரணைக்குச் சாதகமான மிக வலுவான வாதம். ஏமாற்றுபவரைக் களைவதற்காக அல்ல, வாய் திறந்து கேட்காதவரைக் கண்டுபிடிப்பதற்காக விசாரிப்பது. விசாரணை என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு வேலையும் ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சாலமன்காவிலிருந்து லண்டன் வரை

1526இல் ஹுவான் லூயிஸ் விவேஸ், புரூஜ் நகரத்தை முன்வைத்து ஏழைகளுக்கான உதவி பற்றி ஒரு நூல் எழுதினார். நகராட்சியே ஏழைகளைக் கணக்கெடுக்க வேண்டும், உடல் வலிமையுள்ளவருக்கு வேலை தர வேண்டும், தெருப் பிச்சை நிற்க வேண்டும் என்றார். ஸ்பெயினில் இப்படிப்பட்ட சட்டங்கள் வந்தபோது, 1545இல் சாலமன்காவில் நேருக்கு நேர் ஒரு மோதல் நடந்தது. தொமினிக்க சபையைச் சேர்ந்த தொமிங்கோ டி சோட்டோ, கேட்பது ஏழையின் உரிமை, அவன் ஊர் விட்டு ஊர் போவதைத் தடுக்கவோ அவன் ஒழுக்கத்தைச் சோதிக்கவோ யாருக்கும் அதிகாரமில்லை என்று வாதிட்டார். அதே ஆண்டில் ஹுவான் டி ரோப்லெஸ் பதில் எழுதினார்: பிச்சைக்கு விடப்படும் ஏழைக்கு உதவி நிச்சயமில்லை, ஒழுங்கான ஏற்பாடுதான் அவனைக் காக்கும். இந்தூர் ஆணையையும் தில்லித் தீர்ப்பையும் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு நூல்களும் பழையனவாகத் தோன்றாது.

ரோப்லெஸின் வாதம் நல்லெண்ணத்தில் பிறந்தது. அதே வாதம் 1834இல் இங்கிலாந்தின் புதிய ஏழைச் சட்டமாக வந்தபோது முகம் மாறியிருந்தது. உதவி பெறுபவரின் நிலை, மிகக் கீழான கூலித் தொழிலாளியின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உதவி விடுதியின் வாசலைத் தாண்டத் துணிவதே சோதனை. தாண்டியவர் உண்மையான ஏழை. 1869இல் லண்டனில் தொடங்கிய அறக்கொடை ஒருங்கிணைப்புச் சங்கம் வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து, உதவத் தகுந்தவர், தகாதவர் என்று ஏழைகளைப் பிரித்தது. இன்றைய சமூகப் பணியின் வழிமுறைகளில் பல அங்கிருந்துதான் வந்தன. அதனால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வறுமைக்குக் காரணம் ஏழையின் குணம்தான் என்ற எண்ணத்தை அது ஆழமாக ஊன்றியது.

ஒரு பவுண்டு தானியம்

இந்த எண்ணம் கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அதன் விலை உயிர்களாக இருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876–78 பஞ்சத்தை, விசாரணை பற்றிய விவாதத்தின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்தவர் ரிச்சர்ட் டெம்பிள். அவருக்கு ஒரு முன்கதை உண்டு. 1873–74இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாக இறக்கிப் பெரும் சாவைத் தடுத்தவர் அவர்தான். அதற்காக அவருக்குக் கிடைத்தது கண்டனம். அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டார், தகுதி பார்க்காமல் கொடுத்துவிட்டார் என்றார்கள். அந்தச் சூட்டோடு சென்னைக்கு வந்தவர் இங்கே நேர்மாறாக நடந்தார். நிவாரணம் வேண்டுபவர் வீட்டை விட்டுத் தொலைவில் உள்ள வேலை முகாமுக்குப் போக வேண்டும், நாள் முழுக்க உழைக்க வேண்டும். வளர்ந்த ஆணுக்குக் கூலி ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும். உண்மையில் பசித்தவர்தான் இதற்கு உடன்படுவார் என்பது கணக்கு. பசியை உழைப்பால் சோதிக்கும் ஏற்பாடு அது.

மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். மெலிந்து எலும்பாகி முகாமுக்கு வருபவரை உழைக்கச் சொல்லித் தேவையைச் சோதிப்பது, சோதனையிலேயே அவரைக் கொன்றுவிடும் என்பது இந்த எதிர்ப்பின் சாரம். அந்த ஆண்டு மார்ச்சில் மாகாண அரசு படியை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

பொதுமக்கள் நன்கொடையால் லண்டனில் திரண்ட மேன்ஷன் ஹவுஸ் நிதி 1877இன் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. விதை, மாடு, இடிந்த வீட்டைச் சீர்செய்ய உதவி என்று அதன் பெரும் பகுதி செலவானது. உயிரோடு மிஞ்சியவரை மீண்டும் விவசாயியாக்கும் முயற்சி, மைமோனிடிஸின் மேல்படியை ஒத்தது. 1880இன் பஞ்சக் கமிஷனும் அதன்பின் வந்த பஞ்ச விதிகளும் அரசின் கடமையை எழுத்தில் கொண்டுவந்தன. வேலைச் சோதனை அந்த விதிகளிலும் தங்கிவிட்டது.

தகாதவர் ஒருவருக்குப் போய்விடுமோ என்ற பயமும், தகுந்தவர் ஒருவருக்குப் போகாமல் விடுமோ என்ற பயமும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்த மண்ணில் இல்லை. முன்னதில் போவது பணம். பின்னதில் போனது ஆள்.

மொய் நோட்டின் கணக்கு

தகுதி விவாதம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒருவர் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர். அந்த அனுமானத்தையே கேள்விக்குள்ளாக்கியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ். பசிபிக் தீவுகளில் மாலினோவ்ஸ்கி விவரித்த குலா பரிமாற்றம் உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு 1925இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது ஆகிய மூன்றும் கடமைகள் என்றது. திரும்பி வராத இலவசக் கொடை என்று ஒன்றும் இல்லை. ஏற்க மட்டும் செய்து திருப்ப முடியாதவரைத் தர்மம் காயப்படுத்துகிறது என்றார்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம், தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளை மோஸ் பார்த்திருந்தால் அவருக்கு நூலில் ஓர் அத்தியாயம் கூடியிருக்கும். பந்தல் போட்டு, அழைப்பிதழ் அடித்து, கறிவிருந்து வைக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுகிறார்கள். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் வழக்கம். திரண்ட தொகையில் ஆழ்துளைக் கிணறு, வீடு, கல்யாணம், கடை, கடனடைப்பு எல்லாம் நடக்கும். வட்டியில்லை, அடமானம் இல்லை. ஆனால் நோட்டு இருக்கிறது. எழுதியவர் வீட்டு விருந்து வரும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும்; தவறினால் ஊரில் முகம் காட்ட முடியாது.

வள்ளுவரின் இலக்கணப்படி இது ஈகை ஆகாது. ஆனால் இதில் யாரும் யாருக்கும் கை நீட்டுவதில்லை, யாரும் யார் நடத்தையையும் சோதிப்பதில்லை. மானம் குலையாமல் முதல் திரள்கிறது. தகுதி விசாரணையில் சிக்கிக்கொண்ட தர்மத்தால் செய்ய முடியாததை இந்தக் கணக்கு நோட்டு செய்கிறது. இதன் குறையும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. திருப்பித் தர வழியில்லாதவரின் பெயர் அதில் ஏறாது. நிலமில்லாத கூலிக்காரர், ஊருக்குப் புதிதாக வந்தவர், ஆதரவற்ற முதியவர் ஆகியோருக்கு இந்த வட்டம் பெரும்பாலும் திறப்பதில்லை. மழை பொய்த்து ஊரே ஒன்றாக நொடிந்தால் வட்டம் முழுவதுமே தடுமாறும்.

குணத்தை விட்டுப் பலனை விசாரிப்பவர்கள்

1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமாக வெளியேறிய பின்னணியில் பீட்டர் சிங்கர் எழுதி 1972இல் வெளியான கட்டுரை, கேள்வியை வேறு இடத்துக்கு நகர்த்தியது. கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றுவது கடமையென்றால், தொலைவில் சாகும் குழந்தையும் அப்படித்தான் என்றார். அந்த வழியில் 2007இல் உருவான கிவ்வெல் போன்ற அமைப்புகள் ஏழையை விசாரிப்பதில்லை, அறக்கட்டளையை விசாரிக்கின்றன. கொடுத்த பணத்தால் எத்தனை உயிர் பிழைக்கிறது என்று கணக்கிட்டு, மலேரியாக் கொசுவலை போன்றவற்றைப் பரிந்துரைக்கின்றன.

சுமையை வாங்குபவர் தலையிலிருந்து எடுத்து நிறுவனத்தின் தலையில் வைத்தது இதன் பெரும் நன்மை. அளக்க முடிந்ததே முக்கியம் என்ற சாய்வு இதன் குறை. பக்கத்து வீட்டு முதியவரிடம் நாளும் பத்து நிமிடம் பேசுவது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

இதே காலத்தில் பழைய சந்தேகம் ஒன்றுக்குச் சான்றும் சேர்ந்தது. கையில் காசு கொடுத்தால் ஏழைகள் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பது பல மொழிகளிலும் கேட்கும் பேச்சு. டேவிட் எவன்ஸும் அன்னா பொப்போவாவும் பல நாடுகளின் பண உதவித் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உதவி பெற்ற குடும்பங்களில் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்று தெரிந்தது. இந்த ஆய்வுகள் குடும்பங்களுக்கு முறையாகச் சென்ற திட்டப் பணத்தைப் பற்றியவை. சிக்னலில் நீளும் கையைப் பற்றி அவற்றிலிருந்து நேரடியாக முடிவு கட்டுவது அவசரமாகும்.

கொடை உரிமையாக மாறும்போது

விசாரணையே தேவைப்படாத ஏற்பாடு ஒன்று உண்டு: எல்லாருக்கும் உரியது என்று ஆக்கிவிடுவது. பள்ளி மதிய உணவின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1956இல் காமராசர் ஆட்சியில் அது விரிவாகத் தொடங்கியபோது ஊர்க்காரர்களின் நெல்லும் காய்கறியும் விறகும் காசும் அதில் கணிசமான பங்கு வகித்தன. அது பாதி தர்மம். 1982இல் எம்.ஜி.ஆர். அதை அரசின் பெருந்திட்டமாக்கினார். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தரச் சொல்லி ஆணையிட்டது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான உரிமையாக்கியது. தட்டேந்தி உட்காரும் பிள்ளையிடம் அப்பாவின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை.

ரேஷன் கடையில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவான முறையை விடவில்லை. பிரித்த மாநிலங்களில் உண்மையான ஏழைகள் பலர் பட்டியலில் விடுபட்டதை ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். தேவையை அதிகாரி முடிவு செய்யாமல் குடும்பமே முடிவு செய்கிற இந்தச் சிறிய ஏற்பாடு, இந்தக் கட்டுரை பார்த்த பல தத்துவங்களைவிடப் பண்பட்டது.

எனினும் செலவு ஒரு மெய்யான எல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு அரசு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டது; உதவி என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தது. ஆனால் ஆண்டு வருமானம், நிலத்தின் பரப்பு, மின்சாரப் பயன்பாடு என்று தகுதி வரம்புகள் வந்தன. தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். விடுபட்டவர்களின் மேல்முறையீடுகளும் குவிந்தன. உரிமை என்று பெயர் வைத்த பிறகும் பாத்திரம் அறிய வேண்டியதாயிற்று.

தீராமல் நிற்பவை

இத்தனை நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லக் கூடியது ஒன்று இருக்கிறது. ராவ் யெகூதா, சாத்தனார், வள்ளலார், கார்னிஷ் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வேறு வேறு வழிகளில் வந்து, பசியின் முன் விசாரணை நிற்க வேண்டும் என்ற ஒரே இடத்தை நெருங்குகிறார்கள். இதற்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்களில் 1877ஐத் தாங்கக் கூடியது ஒன்றும் கண்ணில் படவில்லை.

பசிக்கு அப்பால் தெளிவு குறைகிறது. தெருவில் கையேந்தும் குழந்தை இதில் மிகக் கடினமான கேள்வி. குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவதை 2015இன் இளைஞர் நீதிச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. போடும் காசு அந்தக் குழந்தையை நாளையும் அதே இடத்தில் நிற்க வைக்குமா என்ற அச்சம் அர்த்தமுள்ளது. போடாமல் போனால் இன்றிரவு அதற்கு என்ன ஆகும் என்ற அச்சமும் அப்படியே. சோறாகக் கொடுப்பது நடுவழியாகத் தோன்றினாலும் அது குழந்தையை அங்கிருந்து மீட்டுவிடாது. உதவியைப் படம் பிடித்துப் பரப்பும் புதிய வழக்கம் இன்னொரு சிக்கல். அதனால் நன்கொடை பெருகலாம். வாங்குபவரின் முகம் அதற்கான விலையாகிவிடுகிறது. முகம் பாராத கொடையைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். முகத்தை ஊருக்கே காட்டும் கொடையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் வாய்ப்பு, வரிசையில் நிற்பவருக்கு அரிதாகவே கிடைக்கிறது.

சட்டமும் ஒரு நிலைக்கு வரவில்லை. வேறு போக்கில்லாமல்தான் மக்கள் கையேந்துகிறார்கள், அவர்களைத் தெருவிலிருந்து அகற்றச் சொல்லும் மேட்டுக்குடிப் பார்வையை ஏற்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகுதான் இந்தூர் ஆணை வந்தது. தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இதே தமிழ்நாட்டில் 2002 முதல் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் நடக்கிறது. மதிலுக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து கை நீட்டும் அதே முதியவர் நண்பகலில் எழுந்து உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தால், அவருக்கும் ஊரிலிருந்து காரில் வந்தவருக்கும் ஒரே இலை விழுகிறது. சாப்பிட்டு வெளியே வந்து பழைய படிக்கட்டில் அமரும்போது அவர் மறுபடியும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார்.